பிள்ளைக்கு என்ன கொடுத்தார்கள்? புதுக்கோட்டையிலிருந்து மலையகம் போன குடும்பங்களின் வரலாறு

நம் பயிற்சி முகாம்களில் இளைஞர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. “எங்க அப்பா அம்மாவுக்கு அரசியலே கிடையாது தோழர். பயந்து பயந்தே வாழ்ந்துட்டாங்க. நாங்கதான் முதல் தலைமுறையா எதிர்த்து நிக்கிறோம்.” இதைக் கோபத்தில் சொல்வதில்லை, வருத்தத்தோடுதான் சொல்கிறார்கள். அப்பா திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ கூலி வேலைக்குப் போய்ப் பணம் அனுப்பியிருப்பார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார். பிள்ளை கல்லூரிக்கு வந்து அம்பேத்கரையும் அயோத்திதாசரையும் படித்திருக்கும். படித்தபின் வீட்டைத் திரும்பிப் பார்த்தால் அங்கே ஒரு புத்தகமும் இல்லை, ஒரு முழக்கமும் இல்லை.

அப்படியானால் பிழைக்கப் போன பெற்றோருக்கும் படித்து வந்த பிள்ளைக்கும் பொதுவான விழுமியம் என்று எதுவுமே இல்லையா? இந்தக் கேள்விக்கு நம் மாவட்டத்தின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் அதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாறு அது. அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தார்கள், எதைக் கொடுக்க மறுத்தார்கள், எதை மறைத்தார்கள் என்று பார்ப்போம்.

ஏன் போனார்கள்?

1823ஆம் ஆண்டை மலையகத் தமிழர்கள் தங்கள் வரலாற்றின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். முதலில் காப்பித் தோட்டம். 1869இல் காப்பி இலையில் நோய் விழுந்து, அடுத்த சில ஆண்டுகளில் காப்பி அழிந்தது. அதன் இடத்துக்குத் தேயிலை வந்தது. ஆள் பிடித்த இடங்கள் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, இராமநாதபுரம் வட்டாரங்களும் புதுக்கோட்டை சமஸ்தானமும். போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், அருந்ததியர் மக்கள்.

பஞ்சம் விரட்டியது என்று பாடப்புத்தகம் சொல்லும். அதில் உண்மை உண்டு. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் இலங்கைக்குப் போனவர்களின் கூட்டம் பெருகியது. ஆனால் பஞ்சம் எல்லோரையும் ஒரே மாதிரி விரட்டவில்லை. ஏரியும் கண்மாயும் வற்றினால் நிலம் வைத்திருந்தவனுக்கு ஒரு போகம் போகும். பண்ணையாளுக்கு அன்றைய கஞ்சியே போகும். நிலம் இல்லை, குடியிருக்கும் மனையும் சொந்தமில்லை, வாங்கிய கடனுக்குத் தலைமுறையாக உழைக்க வேண்டும். தண்ணீர் எடுக்கும் இடத்தில் தடை, நடக்கும் தெருவில் தடை. இப்படிப்பட்ட ஊரைவிட்டு ஒருவர் கிளம்பினால், அதைப் பசியின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை. ஊரைவிட்டுப் போவது அன்று பண்ணையாளுக்குக் கைக்கெட்டிய ஒரே வேலைநிறுத்தம்.

பயணம் எளிதாக இருக்கவில்லை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்ததே 1929இல்தான். அதற்கு முன் கால்நடைதான். இன்று நம் மாவட்டத்துக் கடற்கரையில் இருக்கும் அம்மாபட்டினமும், தெற்கே தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் ஆகியவையும் ஆள் ஏற்றிய துறைகள். தோணியில் மன்னார்க் கரை இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் 1914இல்தான் ஓடத் தொடங்கியது.

காப்பிக் காலத்தில் பெரும்பாலும் ஆண்கள் பருவத்துக்குப் போய்த் திரும்பினார்கள். தேயிலை அப்படியல்ல. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும், ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும், பறிக்கப் பெண்கள் வேண்டும். ஆகவே தேயிலை குடும்பத்தையே கேட்டது. கணவன், மனைவி, பிள்ளை எல்லோரும் போனார்கள். அடுத்த தலைமுறை மலையில் பிறந்தது. பெற்றோர் பிள்ளைகளுக்கு எதைக் கைமாற்றுவது என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

தோட்டம் கொடுத்த சொத்து

தோட்டம் தொழிலாளியின் பிள்ளைக்கு மூன்றை எழுதிவைத்தது: கடன், கூலி, லயம்.

கடன் கிளம்பும்போதே தொடங்கியது. வழிச்செலவு, சோறு, துணி என்று கங்காணி கொடுத்த முன்பணம் எல்லாம் தொழிலாளியின் கணக்கில் ஏறியது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்பதே அந்தத் துண்டின் பொருள். துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. ஊரில் பண்ணையாரிடம் இருந்த கடன், மலையில் கங்காணியிடம் இருந்தது. பெயர் மாறியது, கயிறு மாறவில்லை.

அடுத்தது கூலி. 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் 1929இல் நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலியைப் பாருங்கள். உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், குழந்தைக்கு 32 சதம். தொழிலாளரைப் பாதுகாக்க வந்த சட்டத்திலேயே குழந்தைக்கு ஒரு வரிசை இருக்கிறது. பள்ளிக்கூடம் போக வேண்டிய கையைச் சட்டமே கொழுந்துக் கூடைக்குள் கொண்டுவந்தது. ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் வீட்டுக்கு நாளைக்கு 32 சதம் குறையும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று பள்ளிக்கு அனுப்பிய ஒவ்வொரு தாயும் அந்த 32 சதத்தைத் தன் வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நாம் அரசியல் என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா?

மூன்றாவது லயம். வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. தாத்தா முதல் பேரன் வரை அதற்குள். வேலையை விட்டால் லயத்தையும் விட வேண்டும். ஆகவே தகப்பனுக்கு வயதானால் வீட்டைக் காப்பாற்றப் பிள்ளை பேர் பதிய வேண்டும். ஊரில் சாதி செய்ததை இங்கே குடியிருப்பு செய்தது.

சாதியும் கூடவே போனது

இங்கே நாம் நேர்மையாகப் பேச வேண்டும். கடல் கடந்தால் சாதி கரைந்துவிடும் என்பது அழகான நம்பிக்கை. ஆனால் நடந்தது வேறு. சமூகவியலாளர் ஆர். ஜெயராமன் 1975இல் வெளியிட்ட நூல் இலங்கைத் தோட்டங்களில் சாதி எப்படித் தொடர்ந்தது என்பதையே பேசுகிறது. லயங்கள் சாதிவாரியாகப் பிரிந்தன. குடியானவர் லயம் ஒரு பக்கம், மற்றவர்களின் லயம் ஒரு பக்கம். பெரிய கங்காணிகளில் பெரும்பாலோர் குடியானவர்கள். லயத்தைக் கூட்டி, கக்கூஸ் கழுவும் ‘வாசல்கூட்டி’ வேலை அருந்ததியர்மீது சுமத்தப்பட்டது. தோட்டத்தில் மற்ற எல்லோரும் ஒரே மலையில் ஒரே கொழுந்தைப் பறித்தபோதும் இந்த ஒரு வேலை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது.

சில கட்டுகள் தளர்ந்தன என்பதும் உண்மை. கொழுந்து நிறுக்கும் தராசுக்குச் சாதி தெரியாது. ஒரே பிரட்டுக்களத்தில் எல்லோரும் நின்றார்கள். பிள்ளைக்காம்பராவில் எல்லார் வீட்டுக் குழந்தையும் ஒன்றாகத் தூங்கியது. ஆனால் கல்யாணம் என்று வந்தால் சாதி வந்தது. பெண் எடுக்கவும் கொடுக்கவும் எந்த ஊர், எந்த வகையறா என்று கேட்டார்கள். ஊரின் நினைவைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தபோது சாதியும் அதோடு சேர்ந்தே போனது. ‘வேர்களைக் காப்பாற்றுகிறோம்’ என்று புலம்பெயர் சமூகங்கள் பெருமையாகச் சொல்லும்போது, அந்த வேரில் எது ஒட்டியிருக்கிறது என்று நாம் கேட்டே ஆக வேண்டும். பெற்றோரும் பிள்ளையும் பகிர்ந்துகொள்ளும் விழுமியம் என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. அகமணமும் பகிரப்பட்ட விழுமியம்தான்.

ஒடுக்கப்பட்ட குடும்பங்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். சொன்னால் பிள்ளை கூனிக் குறுகுமோ என்ற பயம், சொல்லாவிட்டால் வெளியே அடிபடுமோ என்ற பயம். பல குடும்பங்கள் மௌனத்தைத் தேர்ந்துகொண்டன. இந்த மௌனம் இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. வேலைக்காக ஊர் மாறிய ஒடுக்கப்பட்ட குடும்பங்கள் எல்லாவற்றிலும் இருந்தது. நாம் அனைவரும் அறிந்த ஒரு குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம்.

பாபாசாகேபின் தந்தை ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதார். இராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ஓய்வுக்குப் பின் கோரேகானில், பஞ்ச நிவாரணத்துக்காக அரசு வெட்டிய ஏரி வேலையில் காசாளராக இருந்தார். பிள்ளைகள் சதாராவில் இருந்தார்கள். இதுவும் வேலைக்காகப் பிரிந்து வாழ்ந்த குடும்பம்தான். 1901இல் கோடை விடுமுறைக்கு அப்பாவிடம் போகப் பிள்ளைகள் கிளம்பினார்கள். நல்ல சட்டை, சரிகைத் தொப்பி, புது ஆடை. மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது அழைத்துப் போக யாரும் வரவில்லை. பார்த்தவர்கள் மேல்சாதிப் பிள்ளைகள் என்றே நினைத்தார்கள். ‘நாங்கள் மகர்’ என்று பிள்ளைகள் சொன்னதும் நிலைய அதிகாரியின் முகம் மாறியது. எந்த வண்டிக்காரரும் ஏற்றவில்லை. கடைசியில் இரண்டு மடங்கு கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிப் போக, வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். வழியில் தண்ணீர் கிடைக்கவில்லை. அம்பேத்கரே ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார்.

ராம்ஜி தன் பிள்ளைகளுக்கு நல்ல ஆடையும் கல்வியும் கொடுத்தார். அந்த ஆடையைச் சாதி மதிக்காது என்பதை அந்தப் பயணம் கற்றுக் கொடுத்தது. தந்தை கொடுத்த தன்மதிப்பும் வழியில் கிடைத்த அவமானமும் மோதிய இடத்திலிருந்து மகனின் அரசியல் பிறந்தது. தந்தை எதையும் கொடுக்காமல் இருந்திருந்தால் அந்த அவமானம் அவமானமாகவே உறைத்திருக்காது. ‘இது இப்படித்தான்’ என்று போயிருக்கும்.

இந்த இடத்தைச் சமூகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். புலம்பெயர் குடும்பங்களைப் பற்றிய முதல் பெரிய ஆய்வு என்று நமக்குச் சொல்லித்தரப்படுவது தாமஸ், ஸ்நானியெத்ஸ்கி இருவரும் 1918 முதல் 1920 வரை வெளியிட்ட போலந்து விவசாயி பற்றிய நூல். அமெரிக்கா போன போலந்துக் குடும்பங்கள் எழுதிக்கொண்ட கடிதங்களே அதன் அடிப்படை. நம் மக்களிடம் கடிதம் எங்கே இருந்தது? எழுத்தே மறுக்கப்பட்டிருந்தது. நம் பாட்டன் பூட்டனைப் பற்றிய எழுத்துச் சான்று கங்காணியின் பற்றுக் கணக்கிலும் தோட்டத்தின் செக்ரோலிலும் இருக்கிறது. அடிமைப்படுத்தியவர் எழுதிய கணக்கு அது. அதில் கடன் இருக்கும், வேலை நாள் இருக்கும். மகளைப் பற்றி ஒரு தாய் என்ன கனவு கண்டாள் என்பது இருக்காது. ‘எங்க வீட்டுல அரசியலே இல்ல’ என்று நமக்குத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டம் தகப்பனைக் கேட்டது

1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. அதற்கு ஒரு மாதம் முன்பு, பிப்ரவரி 4 அன்று இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தாத்தா கிளம்பிய சமஸ்தானம் வரைபடத்திலிருந்து மறைந்த அதே ஆண்டில், பேரன் பிறந்த நாடு ‘நீ யார்’ என்று கேட்டது.

அந்தச் சட்டம் கேட்ட கேள்வி மிகவும் குறிப்பானது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. உன் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். நிரூபி. தாயின் பிறப்பு கணக்கில் இல்லை. தோட்டத்து லயத்தில் பிறந்த தகப்பனுக்குப் பிறப்புச் சான்று எங்கே இருக்கும்? பிள்ளையின் உரிமை தகப்பனின் காகிதத்தில் கட்டப்பட்டது. தகப்பனிடம் காகிதம் இல்லை.

1949இல் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் என்ற இன்னொரு சட்டம் வந்தது. திருமணமானவர் 7 ஆண்டும், ஆகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து வசித்ததாகக் காட்ட வேண்டும். பெரும்பாலோர் தேறவில்லை. வாக்குரிமையும் பறிபோனது. 1947 தேர்தலில் 7 இடங்களை வென்ற இலங்கை இந்தியர் காங்கிரஸின் மக்கள் அடுத்த தேர்தலில் வாக்காளராகவே இல்லை. ஏறக்குறைய 10 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள்.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குடும்பம் என்ற சொல்லுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அண்ணனுக்கு இலங்கைக் குடியுரிமை, தம்பிக்கு இந்தியக் கடவுச்சீட்டு. கட்டிக்கொடுத்த மகள் அங்கே, பெற்றோர் இங்கே. மலையிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களைக் கொண்டுபோன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. பெற்றோரையும் பிள்ளையையும் பிரித்தது ‘தலைமுறை இடைவெளி’ என்று பேசுகிறோம் அல்லவா? இங்கே பிரித்தது இரண்டு அரசுகளின் கையெழுத்து.

‘தாயகம்’ திரும்பியோர்

1984இல் கப்பல் நிற்கும்வரை 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். மண்டபம் முகாம், திருச்சி கொட்டப்பட்டு முகாம், பிறகு பல மாவட்டங்கள். கையில் ஒரு குடும்ப அட்டை. சிலருக்கு நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டத்தில் வேலை. பலருக்குத் தொழில் தொடங்க 5,000 ரூபாய் கடன். பரம்பரையாகக் கொழுந்து பறித்தவரிடம் ‘கடை வை’ என்று காசு கொடுத்தால் என்ன ஆகும்? இடைத்தரகர் தின்றது போக மீதி சில மாதங்களில் தீர்ந்தது. கொடைக்கானல் மலைக்காடுகளில் மரம் வெட்டப் போய்க் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு. தாத்தா எந்தக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினாரோ அதே கயிறு பேரனின் காலில் விழுந்தது.

தாத்தாவின் ஊரைத் தேடிப் போனவர்களும் உண்டு. ஊர் அவர்களை மறந்திருந்தது, சாதியை மறக்கவில்லை. இலங்கையில் ‘கள்ளத்தோணி’ என்று ஏசப்பட்டவர்கள் இங்கே ‘சிலோன்காரங்க’ ஆனார்கள், கூடவே சேரிக்காரர்களும் ஆனார்கள். இதில் இன்னொரு கொடுமை: சேரியில் ஒதுக்கிவைக்க ஊருக்குச் சான்று தேவைப்படவில்லை. ஆனால் பிள்ளைக்குப் பள்ளியில் உதவித்தொகை வாங்கச் சாதிச் சான்றிதழ் கேட்டால் ‘உங்க தாத்தா இந்த ஊர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்’ என்று அலுவலகம் கேட்டது. அவமானத்துக்கு ஆதாரம் வேண்டாம், உரிமைக்கு மட்டும் ஆதாரம் வேண்டும்.

நம் மாவட்டத்தில் லேணா விளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று அரசு பெயர் மாற்றியது. 1983க்குப் பின் போருக்குத் தப்பி வந்தவர்கள் இவர்கள். இவர்களோடு ஒப்பந்தத்தில் வந்தவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் தமிழகம் முழுவதும் முகாம்களில் வாழ்பவர்களில் கணிசமானோர் மலையக வேர் உள்ளவர்கள். மலையில் இனக்கலவரம் விரட்ட வன்னிக்குப் போய், அங்கே போர் விரட்ட இங்கே வந்தவர்கள். இந்தியச் சட்டப்படி 1987 ஜூலை 1க்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும். 2003இன் திருத்தம் அதை இன்னும் இறுக்கியது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. முகாமில் பிறந்து, நம் பள்ளியில் படித்து, நம் தமிழில் பேசும் பிள்ளையிடமும் சட்டம் அதே கேள்வியைத்தான் கேட்கிறது: உன் பெற்றோர் யார்? 1948இல் கொழும்பு கேட்டது, இன்று டெல்லி கேட்கிறது. இலங்கையாவது 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்களால் தன் மண்ணில் நாடற்று இருந்த மலையக மக்களுக்குக் குடியுரிமை கொடுத்தது.

செயல் மாறும், விழுமியம் மாறாது

இவ்வளவு தூரம் வந்தபின் நம் முதல் கேள்விக்குத் திரும்புவோம். பண்ணையார், கங்காணி, அரசு என்று ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் பிள்ளையின் வாழ்வைப் பெற்றோரின் நிலையோடு கட்டிவைக்க முயன்றார்கள். கடனைப் பரம்பரையாக்கினார்கள், வேலையைப் பரம்பரையாக்கினார்கள், நாடற்ற நிலையையும் பரம்பரையாக்கினார்கள். சாதி என்பதே பிறப்பால் வரும் சொத்துப் பட்டியல்தான். அதற்கு எதிராக இந்தக் குடும்பங்களில் ஒரு வாக்கியம் மட்டும் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது: ‘நான் நின்ன இடத்துல என் பிள்ளை நிக்கக் கூடாது.’ களப்பணியில் நான் போன வீடுகளில் அதிகம் கேட்ட வாக்கியமும் இதுதான். அம்பேத்கர் பெயரை அறியாத பாட்டிகளும் இதைச் சொல்வார்கள். ‘சாதி ஒழிப்பு’ என்று நாம் முழக்கமிடுவதன் வீட்டு வழக்கு இது.

இந்த விழுமியத்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. இதைப் பின்பற்றும் பிள்ளை பெற்றோரைப் போல நடக்காது. பறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்க் கட்டாயத்துக்காகச் சாவுக்குப் பறையடித்தார் தாத்தா. ‘இனி அடிக்க மாட்டேன்’ என்று பறையைக் கீழே வைத்தார் அப்பா. திண்டுக்கல் சக்தி கலைக்குழு போன்ற மேடைகளைப் பார்த்து, கல்லூரியில் அதே பறையைப் பெருமையோடு தோளில் மாட்டுகிறாள் மகள். பார்ப்பதற்கு மூன்றும் ஒன்றுக்கொன்று எதிரானவை. அடித்த தாத்தா அந்தக் கூலியில் பிள்ளையை வளர்த்தார். மறுத்த அப்பா அடிவாங்கும் துணிச்சலோடு மறுத்தார். மகள் யாருடைய கட்டாயமும் இல்லாமல் அடிக்கிறாள். கட்டாயத்திலிருந்து விடுதலை என்ற ஒரே நூல்தான் மூவரையும் கட்டுகிறது. ஊரைவிட்டுப் போன பூட்டனும், சாதியைச் சொல்லாமல் மறைத்த அப்பாவும், சாதியைச் சொல்லி நியாயம் கேட்கும் நீங்களும் இப்படித்தான்.

ஆனால் இதை வைத்துப் பெற்றோரின் எல்லாவற்றுக்கும் வெள்ளையடிக்க முடியாது. மௌனத்துக்கு விலை உண்டு. சாதி என்னவென்று சொல்லாமல் வளர்த்த பிள்ளை, விடுதியிலோ வேலையிடத்திலோ முதல்முறை அடிபடும்போது தன் தப்பு என்று நினைத்துக்கொள்கிறது. அகமணத்தைக் கைமாற்றிய வீட்டில், வேறு சாதியில் காதலித்த மகளுக்கு இடமில்லாமல் போகிறது. ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குள்ளேயே ஒருவர் மற்றவருக்குப் பெண் கொடுக்காத வழக்கமும் லயத்திலிருந்து சேரிவரை நாம் சுமந்து வந்ததுதான். இவற்றைப் பெற்றோர் கொடுத்தார்கள் என்பதற்காக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ‘நான் நின்ன இடத்துல நிக்காதே’ என்று அவர்களே சொன்னதை அவர்கள் நின்ற இந்த இடத்துக்கும் சேர்த்துப் பொருத்திப் பார்க்கலாம்.

வேங்கைவயலை நாம் யாரும் மறக்கவில்லை. 2022 டிசம்பரில் நம் மாவட்டத்தில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அது வெளியே தெரிந்தது எப்படி? குழந்தைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. பெற்றோர் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தண்ணீர்மீது சந்தேகம் வந்தது, தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். ஆய்வுக்கு வந்த மாவட்ட ஆட்சியர் முன்பு பக்கத்து இறையூர் டீக்கடையின் இரட்டைக் குவளையும் அம்பலமானது. நினைத்துப் பாருங்கள். 150 ஆண்டுகளுக்கு மேலாக இலங்கையிலும் நீலகிரியிலும் தேயிலையைப் பறித்த கைகளில் பெரும்பகுதி நம் மக்களின் கைகள். அவர்கள் விட்டுப்போன மண்ணில், அந்த இலையில் போட்ட டீயைக் குடிக்க அவர்கள் சொந்தங்களுக்குத் தனிக் குவளை.

நீங்கள் செய்ய வேண்டியது

தோழர்களே, வரலாற்றைப் படித்து உணர்ச்சிவசப்பட்டால் போதாது. மூன்று வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, வீட்டில் இருக்கும் காகிதங்களைப் பாதுகாத்து வையுங்கள். தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை, பழைய கடவுச்சீட்டு, தோட்டத்துச் சீட்டு, முகாம் பதிவு எது இருந்தாலும் படம் எடுத்து, நகல் எடுத்து, இரண்டு இடத்தில் வையுங்கள். தகப்பனின் காகிதம் இல்லாததால் பிள்ளை எதை இழந்தது என்பதைப் பார்த்தோம். சாதிச் சான்றுக்கும் பட்டாவுக்கும் நாளை அந்தக் காகிதம் தேவைப்படும்.

இரண்டாவது, கேளுங்கள், பதிவு செய்யுங்கள். பாட்டி எந்தத் தோட்டம், எந்த ஆண்டு கப்பல் ஏறினார், யாரிடம் எவ்வளவு கடன், யாரை அங்கே விட்டுவந்தார் என்று கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ‘ஏன் எதிர்க்கவில்லை’ என்று கேட்காதீர்கள், வாய் மூடிவிடும். ‘எப்போது கிளம்பலாம்னு முடிவு பண்ணீங்க’ என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் எதிர்ப்பு இருக்கும். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்வந்த அப்பாவிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். முகவரிடம் எவ்வளவு கட்டினார், அந்தக் கடன் எப்போது தீர்ந்தது என்று கேட்டால், கங்காணி இன்னும் சாகவில்லை என்பதும் தெரியும்.

மூன்றாவது, முகாம்களில் இருக்கும் பிள்ளைகளின் குடியுரிமையை நம் கோரிக்கையாக்குங்கள். அது ‘அவர்கள் பிரச்சினை’ இல்லை. நூறாண்டுக்கு முன் நம் ஊரிலிருந்து போனவர்களின் வாரிசுகளும் அங்கே இருக்கிறார்கள். பிறப்பை வைத்து உரிமையை மறுப்பதை எதிர்க்கும் இயக்கம், பிறப்பை வைத்து நாட்டை மறுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

2023இல், வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். முன்னோர் நடந்து செத்த அதே தடம். அன்று நடந்தவர்கள் கடனோடு நடந்தார்கள். இன்று நடந்தவர்கள் நிலமும் சமத்துவமும் கேட்டு நடந்தார்கள். அந்த ஊர்வலத்தின் தொடக்கப்புள்ளி தலைமன்னார் மட்டும் இல்லை, நம் ஊர்ச் சேரிகளும்தான். அங்கே இன்னும் யாரும் நடக்கத் தொடங்கவில்லை.

ஜெய்பீம்.